இடக்காது எடெல்மீராவுக்கு

இடக்காது எடெல்மீராவுக்கு
வலக்காது எனக்கு.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி இயர்போன்.
தலைவலையின் ரப்பருக்கு உள்ளே செருகிக்கொண்டால்
மேற்பார்வையாளர் கண்ணில் படாது.

புரேலா துறைமுகத்தின் பின்பக்கம்
சூரை மீனை டப்பாவில் அடைக்கிற ஆலை.
மூன்றாவது வரிசை, நின்றபடி எட்டு மணி நேரம்.
நான்கு துண்டு, எண்ணெய், மூடி, அடுத்தது.
வியாழன்தோறும் மாட்ரிட்டிலிருந்து
ஒரு பாட்காஸ்ட் வரும்.
பரிசு வாங்கியவர்களை உட்காரவைத்து
எப்படி எழுதினீர்கள் என்று கேட்பார்கள்.
போரைப் பார்த்தவர், சுரங்கத்தைப் பார்த்தவர்,
ஒன்றையும் பார்க்காமல் நாவல் எழுதியவர்.
தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும்
எல்லோருக்கும் ஒன்றுதான்.

இன்று பிராய்ஸ் ஒவுத்தெய்ரோ.
மூன்று குளிர்காலத்துக்கு முன்
'இர்மாஸ் ரியால்' படகு மூழ்கியபோது
இவள் சமையலறையில் வந்து உட்கார்ந்தவர்.
நனைந்த ஷூவை வாசலிலேயே கழற்றினார் என்று
அவரை இவளுக்குப் பிடித்துப்போயிற்று.
அன்று எழுதிய கட்டுரைதான் புத்தகம் ஆனது.
புத்தகத்துக்குத்தான் பரிசு.

பல் மருத்துவமனை வரவேற்பறைக் குரலில்
தொகுப்பாளினி கேட்கிறாள்:
இந்தப் புத்தகம் எந்த நொடியில் பிறந்தது?

அவர் பேசாமல் இருக்கிறார்.
அந்த மௌனத்துக்குள் நான் இரண்டு டப்பா மூடினேன்.

"ஒரு கோப்பை," என்கிறார்.
"மேசைமேல் பாதி குடித்த காபி.
கடலுக்குக் கிளம்பும்போது கணவன் வைத்துவிட்டுப் போனது.
பதினாறு நாள் அவள் அதைக் கழுவவில்லை.
மேலே ஆடை, ஆடைமேல் பூஞ்சை.
அந்தக் கோப்பைதான் என் புத்தகம்."

உடனே மெத்தை விளம்பரம்.
முதுகுவலிக்காரர்களுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி.

எடெல்மீராவின் கை நின்றது.
பெல்ட் நிற்கவில்லை,
அவள் பங்கு மீனையும் நானே இழுத்துப் போட்டேன்.

"மீட்டர் பார்க்க வந்தவன்," என்றாள்.
"யாரு?"
"அந்தக் காபி. அன்று காலை
கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவனுக்குப் போட்டது.
சர்க்கரை பத்தவில்லை என்று பாதியில் வைத்துவிட்டான்."

அமாரோ காபியே தொடமாட்டான்.
ஊருக்கே தெரியும்.
விடிகாலை நாலு மணிக்கு
ஆறிய பாலில் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு
நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறவன்,
மேலுதட்டில் வெள்ளைக் கோட்டோடு
படகு ஏறுகிறவன்.

அவர் தொட்ட பொருள் ஏதாவது இருக்கிறதா
என்று பிராய்ஸ் கேட்டாராம்.
பால் டம்ளரை அன்றைக்கே கழுவிவிட்டாள்.
கழுவிவிட்டேன் என்று சொல்ல
வாய் வரவில்லை.
அத்தனை தூரம் வந்தவர்
ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறார்,
வெறுங்கையோடு எப்படி அனுப்புவது?
இவள் கண் மேசைக்குப் போனது.
அவர் கண் பின்னாலேயே போனது.
அவ்வளவுதான்.
பதினாறு நாளும் பூஞ்சையும்
அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்த்துக்கொண்டது.

மெத்தை முடிந்து அவர் திரும்பி வந்தார்.
பத்திரிகையாளனுக்கு உண்மை ஒன்றுதான் முதலாளி என்றார்.
எங்கள் முதலாளி மாடிக் கண்ணாடி வழியே
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மின்னஞ்சல் முகவரி சொல்வார்கள்,
எழுதிப் போடலாமா, என்றேன்.
திருத்தம் என்று ஒன்று உண்டல்லவா.

அவள் பதில் பேசாமல்
முழங்கையால் என் பாக்கெட்டை இடித்தாள்.
ஒரு நிமிடம் பின்னால் ஓட்டச் சொல்கிறாள்.
ஓட்டினேன்.
கோப்பை மறுபடி வந்தது, ஆடை வந்தது.
"நல்லாத்தான் சொல்றார்," என்றாள்.

பிறகு நாலைந்து டப்பா தாண்டி:
"பூஞ்சையை மட்டும் எடுக்கச் சொல்லி எழுது.
என் வீடு சுத்தமான வீடு."

சரி என்றேன்.
பாலைப் பற்றி எழுதவா, என்று கேட்டேன்.

எடெல்மீரா தன் காதிலிருந்ததைக் கழற்றி
என் இடக்காதில் செருகிவிட்டு
அடுத்த மீனை எடுத்தாள்.